என் பட்டாம்பூச்சி காய்கறிப் பையில் வரவில்லை

1

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலாந்தில் ஒருவரை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம் பெங்களூரில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் தலையைக்கூடத் தூக்காமல் "ஆகல்லா, ஹோகி", முடியாது போ, என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். இங்கே அதையே ஒரு பக்கத்துக்கு நீட்டி, நடுவில் மூன்று தடவை நன்றி சொல்லி, கடைசிப் பாராவில்தான் அறைவார்கள்.

எனக்கு விழுந்த அறை இதுதான். மே மாதம் கடற்கரையில் நான் படம் எடுத்து அனுப்பிய நீலப் பட்டாம்பூச்சியை மாவட்டப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். படத்தில் இறக்கைகள் புத்தம் புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றனவாம். கடல் தாண்டிப் பறந்து வந்த பூச்சி அப்படி இருக்காதாம். வெளிநாட்டு பீன்ஸ், பட்டாணிப் பைகளில் இதன் புழு ஒளிந்து வந்து, சமையலறையில் கூட்டை விட்டு வெளியே வருவது உண்டாம். "தங்கள் இல்லத்திலேயே அவ்வாறு நிகழ்ந்திருக்கக்கூடும் என்று குழு கருதுகிறது."

தங்கள் இல்லத்திலேயே! அதாவது, இந்தியக் குடும்பம், மூட்டை மூட்டையாகக் காய்கறி வாங்கும், அதில் ஒரு புழு வந்திருக்கும், ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காபியை சிங்க்கில் கொட்டிவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அந்தோணிராஜ். பெங்களூர் மர்பி டவுன் மார்க்கெட் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். இதை ஊரில் படிக்கிறவர்களில் பலபேருடைய கல்யாண ஆல்பம் என் கை பட்டதாகத்தான் இருக்கும். இங்கே தென் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். இந்த ஊரில் நான் யார் என்று கேட்டால் "ரெஜினாவின் புருஷன்" என்பார்கள். ரெஜினா ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் விசாவிலும் அப்படித்தான் போட்டிருந்தது, சார்ந்திருப்பவர் என்று. என் சொந்தப் பெயரில் இந்த ஊர் எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பறவையும் பட்டாம்பூச்சியும் பார்ப்பவர்களின் சங்கம் வருடா வருடம் போடும் புத்தகத்தில், "கண்டவர்: அ. அந்தோணிராஜ்" என்ற வரி. அதில்தான் கை வைத்தார்கள். விட்டுக்கொடுப்பேனா?

2

நான் இங்கே வந்து இறங்கிய அன்றே ஒரு வம்பில் மாட்டினவன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எனக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. 91 டிசம்பரில் காவிரித் தண்ணீர்ச் சண்டை தெருவுக்கு வந்தபோது, என் ஸ்டூடியோ கண்ணாடியில் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்து யாரோ ஒரு கல்லை விட்டான். கண்ணாடி என் மேல் விழுந்தது. பக்கத்து டயர் கடை நஞ்சுண்டப்பாதான் தன் லுங்கியைக் கிழித்து என் தலையில் கட்டி, ஸ்கூட்டரில் உட்கார வைத்து, வழியெல்லாம் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏழு தையல். ஒரு மாதம் கழித்துப் புதுக் கண்ணாடி போட்டேன். மேலே கன்னடம், கீழே தமிழ், இரண்டும் முன்னைவிடப் பெரிய எழுத்தில்.

இது நடந்து சில வருடம் கழித்து பாஸ்போர்ட் எடுத்தேன். போட்டோ யார் எடுப்பது? நானேதான். கழுவி எடுத்துப் பார்த்தால் முகத்தில் தழும்பு பளிச்சென்று தெரிகிறது. என் கை சும்மா இருக்குமா? வருடக்கணக்காகப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் போட்டோவில் பரு, மரு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மூன்று மயிர் பிரஷ்ஷால் மறைத்துக்கொண்டிருந்த கை. வழக்கம்போல இதையும் மறைத்துவிட்டது. போட்டோவில் நான் மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

ஆனால் அந்தக் காலத்து பாஸ்போர்ட்டில் அடையாளக் குறி என்று ஒரு வரி இருக்கும். அதில் ஆபீஸ்காரர் என் முகத்தைப் பார்த்து "இடது புருவத்தின் மேல் தழும்பு" என்று எழுதிவிட்டார். லண்டன் ஏர்போர்ட்டில் ஒரு பெண் அதிகாரி போட்டோவைப் பார்த்தாள், வரியைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். வரியும் முகமும் ஒத்துப்போகிறது. போட்டோ மட்டும் ஒத்துப்போகவில்லை. "இது நீங்கள்தானா?" என்றாள். நான் பதற்றத்தில், "யெஸ் மேடம், டச் அப் மேடம், ஐ ஒன்லி டிட் மேடம்" என்று உளறினேன். பாஸ்போர்ட்டில் தானே கை வைத்தேன் என்று ஒருவன் வாயாலேயே சொன்னால் என்ன ஆகும்? மூன்று மணி நேரம் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். வெளியே ரெஜினா அழுதுகொண்டிருந்தாள், எங்கள் மகள், ஒன்பது வயது ஷீபா, அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

3

எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். காலையெல்லாம் சும்மா. முதல் வருடம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. மார்ச்சில் ஒரு நாள் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணல் இருக்கும் என்று நினைத்தேன். முழுக்கக் கூழாங்கல். நடந்தால் சரக் சரக்கென்று சத்தம், காற்று காதைப் பிய்க்கிறது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு கல்லின் மேல் ஒரு குருவி வந்து நின்றது. சாம்பல் முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கல்யாண மை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. என் வாய் பழக்கதோஷத்தில், "அப்படியே இரும்மா, தலைய மட்டும் கொஞ்சம் நிமித்து" என்றது. அது நிமிர்ந்தது! சத்தியமாக நிமிர்ந்தது. எடுத்தேன்.

"நல்ல படம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். ரிட்டயரான பஸ் டிரைவர், கெவின். கழுத்தில் பைனாகுலர். நான் மரியாதையாக, "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு பேர்தான் இருக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்" என்றார். அந்தக் குருவி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கிய முதல் நாள் என்றும், இந்த வசந்தத்தில் இந்தக் கரையில் அதை முதலில் பார்த்தது நான்தான் என்றும் அவர்தான் சொன்னார். அவர்தான் என்னைச் சங்கத்தில் சேர்த்தார்.

அன்றிலிருந்து ஐந்து வசந்தம். மார்ச்சில் அந்தக் கல்குருவி, ஏப்ரலில் வால் பிளந்த சின்னத் தகைவிலான், மே மாதம் கடல் மேல் ஒரே இடத்தில் பறந்து நின்று தலைகீழாகப் பாயும் ஆலாப் பறவை. தகைவிலான்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்த முதல் நாள் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் அல்சூர் ஏரிப் பக்கத்துக் கரண்ட் கம்பியில் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். "எங்க ஊர்க்காரங்க வந்துட்டாங்க" என்று கெவினிடம் சொன்னேன். அவர் பொறுமையாக, இவை தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவை, உங்கள் ஊருக்கு வருவது வேறு கூட்டம் என்று திருத்தினார். "நீ கூடவே போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன். அடுத்த நாள் ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினார். படித்தேன், அவர் சொன்னதுதான் சரி. ஆனாலும் அவற்றை நான் அல்சூர்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். கெவினும் இப்போது அப்படியே சொல்கிறார்.

ஷீபா முதலில் என்னோடு வருவாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரோ, உன் அப்பாதான் கடற்கரையில் தனக்குத்தானே பேசுகிறவரா என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து என்னிடம் தமிழில் பேசுவதையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்று தெரியும். தெரிந்தாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

4

இப்போது அந்த நீலப் பூச்சிக்கு வருகிறேன்.

அதை எனக்கு அவரைக்காய் சீசனிலிருந்தே தெரியும். பெங்களூர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மர்பி டவுன் மார்க்கெட்டில் அவரைக்காய் மலை மாதிரி குவிந்திருக்கும், தெருவே அந்த வாசனை அடிக்கும். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ரெஜினா ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்து தோலைப் பிதுக்கிச் சமைக்கும் பிதுக்குப் பருப்புக்கு அவரை உரிப்பாள். பத்துக் காய்க்கு ஒரு காயில் பச்சைப் புழு நெளியும். ஒரு தடவை அவள் வீசப்போன புழுவை வாங்கி ஒரு காயோடு ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்தேன். மறந்தும்போனேன். ரெண்டு வாரம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு ரோல் மாட்டலாம் என்று டப்பாவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி வெளியே வந்து என் மூக்கில் மோதிப் போனது. பின்னிறக்கையில் மயிர் மாதிரி இரண்டு சின்ன வால், வாலடியில் கண் வைத்த மாதிரி இரண்டு கறுப்புப் பொட்டு. கல்யாணத்துக்கு லேட்டாகப் போனேன்.

ஆக, இந்தப் பூச்சி காயில் ஒளிந்து வரும் என்பது அந்தக் குழுவைவிட எனக்கு நன்றாகவே தெரியும். எனக்கே பாடம் எடுக்கிறார்கள்.

மே மாதக் கடைசி வாரம். மூன்று நாள் தெற்கேயிருந்து சூடான காற்று அடித்தது. கூழாங்கல் கரையில் காட்டுப் பட்டாணி ஒன்று தரையோடு படர்ந்திருக்கும், ஊதாப் பூ பூக்கும். காலை பத்து மணிக்கு அந்தப் பூவில் ஏதோ ஒன்று தள்ளாடி உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கறுப்புப் பொட்டு. வலது பக்கம் வால் இருந்தது, இடது பக்கம் இல்லை. இடது பின்னிறக்கையே கால்வாசி கிழிந்து போயிருந்தது. நிறமெல்லாம் தேய்ந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருந்தது. மெதுவாகக் கேமராவைத் தூக்கினேன். கேமராவில் இரண்டே படம்தான் மிச்சம். "எங்கம்மா வந்தே நீ? அவரைக்காய் சீசன் இல்லையே இது" என்றேன். முழங்கால் கல்லில் குத்த, படுத்துக்கொண்டே இரண்டையும் எடுத்தேன். காற்று ஒரு தட்டுத் தட்டியது, போய்விட்டது.

கெவினிடம் ஓடினேன். அவர் என் வாயைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். கோடைக் கடைசியில் எப்போதாவது ஒன்று பிரான்ஸ் பக்கமிருந்து வரும், வசந்தத்தில் இந்த மாவட்டத்தில் யாரும் பார்த்ததே இல்லை என்றார். "உங்கள் பெயர்தான் முதலில் வரப்போகிறது, ஆன்டனி" என்றார்.

5

இங்கேதான் நான் கெடுத்தேன்.

கடையில் கொடுத்துக் கழுவி, இரண்டில் நன்றாக விழுந்த ஒன்றைப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தேன். சமையல் மேசையில் வைத்துப் பார்த்தேன். பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தக் கிழிசல்! பெரிதாக்கினால் அதுவும் பெரிதாகத் தெரிகிறது. முதன்முதலாகப் புத்தகத்தில் வரப்போகிற படம், இப்படிப் பஞ்சப் பரதேசி மாதிரியா வருவது? பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பிரஷ்ஷும் கலரும் இருந்தன. வலது இறக்கையைப் பார்த்து இடது இறக்கையை நிரப்பினேன். வால் ஒன்று வைத்தேன். வெளுத்த இடத்தில் நீலம் ஏற்றினேன். ஒரு மணி நேர வேலை. இருபது வருடம் செய்த வேலை. மணப்பெண்ணின் கன்னத்தில் பருவை வைத்துக்கொண்டு எந்த போட்டோகிராபராவது ஆல்பம் கொடுப்பானா? அது பொய் என்று என் மனசில் ஒரு துளிகூடப் படவில்லை. கடையில் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அழகாகக் கவரில் போட்டு அனுப்பினேன்.

பதிலுக்குத்தான் அந்தக் கடிதம்.

கடிதம் வந்த அன்று நான் கத்திய கத்தலில் ஷீபா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கடிதத்தைப் படித்தாள். என்னிடம் இருந்த அந்த இன்னொரு பிரதியைப் பார்த்தாள். பிறகு கடைக் கவரிலிருந்த சின்னப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாடி, ரெண்டும் ஒரே பட்டர்ஃபிளைதானே?"

"பின்ன?"

"இதுல கிழிஞ்சிருக்கு. அதுல கிழியல."

"அது... டச் அப் பண்ணேன்மா."

"பெயின்ட் பண்ணீங்களா?" அவள் கண் விரிந்தது. "ஓ மை காட், டாடி! இட்ஸ் ஃபேக்! அவங்க கிழியலன்னுதானே இல்லங்கறாங்க? கிழிஞ்சதுதானே ப்ரூஃப்?"

எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி ஆடின மாதிரி இருந்தது. ஆமாம். அந்தக் கிழிசல்தான் அது கடல் தாண்டி வந்ததற்கு அத்தாட்சி. அதை நானே, என் கையாலேயே, கலர் குழைத்து அடைத்திருக்கிறேன். அடப்பாவி அந்தோணி!

ரெஜினா டியூட்டி முடிந்து வந்து விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "இன்னாத்துக்குங்க இந்த வம்பு? பேசாம விட்ருங்க. காய்ல வந்துச்சுன்னா வந்துட்டுப் போவட்டும். நான்தான் பெயின்ட் அடிச்சேன்னு போயி சொன்னீங்கன்னா, இத்தினி வருஷமா குடுத்த படம் எல்லாமே பெயின்ட்டுதான்னு ஆயிடும். அந்தப் பொஸ்தகத்துல உங்க பேரே இருக்காது."

அவள் சொன்னது முழுக்க நியாயம். சொல்லாவிட்டால் என் பூச்சி பீன்ஸ் பையில் வந்தது. சொன்னால் நான் பித்தலாட்டக்காரன். ஐந்து வசந்தமும் போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பரணில் இருந்த சூட்கேஸை இறக்கினேன்.

"எங்க போறீங்க?" என்றாள் ரெஜினா.

"சனிக்கிழமை மீட்டிங்குக்கு. என் மூஞ்சிய நேரா பாத்து சொல்லட்டும்."

"நானும் வரேன்" என்றாள் ஷீபா. முழுக்கத் தமிழில்.

6

சர்ச்சுக்குப் பக்கத்து ஹால். சனிக்கிழமை பிற்பகல். பெரிய கெட்டிலில் டீ, தட்டில் பிஸ்கட். இருபது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். குழுத் தலைவி ரிட்டயரான அறிவியல் டீச்சர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவர். வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று அவர் கேட்டதும் எழுந்தேன். என் ஆங்கிலம் கோபத்தில் இன்னும் மோசமாகும். ஆனாலும் எழுதிக்கொண்டு போகவில்லை.

"என் வீட்டுக் காய்கறிப் பையில் எந்தப் பூச்சியும் வரவில்லை" என்றேன். "ஆனால் நான் அனுப்பிய படத்தில் நான் பெயின்ட் அடித்தேன்."

கெவின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ரொம்பச் சுட்டது. நான் நெகட்டிவ் துண்டை எடுத்துத் தலைவியின் முன் வைத்தேன். ஷீபா என் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, ஜன்னல் பக்கம் காட்டினாள். அந்த அம்மாள் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இடது பின்னிறக்கையில் வால் இல்லை" என்றார்.

"இல்லை."

"ஓரமெல்லாம் நைந்திருக்கிறது. இது வெகு தூரம் பறந்து வந்த பூச்சி."

"அதைத்தானே ஒரு மாதமாகச் சொல்கிறேன்!"

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இல்லை. நீங்கள் சொல்லவில்லை. மறைத்தீர்கள்."

சுருக்கென்று தைத்தது. பாக்கெட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். போட்டோ பக்கத்தைத் திறந்து வைத்து, என் புருவத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"நான் கல்யாண போட்டோகிராபர். என் ஊரில் கிழிசலை மறைப்பதுதான் நல்ல வேலை. என் முகத்துக்கே அதைச் செய்தேன். அதற்காக உங்கள் ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சமையலறையைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தெரியும்? கெவின் இதே படத்தைக் கொடுத்திருந்தால் அவர் வீட்டுக் காய்கறியைப் பற்றி எழுதியிருப்பீர்களா?"

எனக்குப் பின்னால் ஷீபாவின் குரல் கேட்டது. தெள்ளத் தெளிவாக, இந்த ஊர் உச்சரிப்பில்: "எங்கள் வீட்டில் பீன்ஸே வாங்குவதில்லை. எனக்குப் பிடிக்காது."

கெவின் முதலில் சிரித்தார், பிறகு இரண்டு மூன்று பேர். தலைவி சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்திருந்தது. "அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றார். "அதற்கு மன்னியுங்கள். ஆனால் நான் இன்னொன்று கேட்டே ஆக வேண்டும். உங்கள் மற்றப் படங்களை நாங்கள் எப்படி நம்புவது?"

அதற்குத்தானே சூட்கேஸ்! தூக்கி மேசை மேல் வைத்துத் திறந்தேன். ஐந்து வசந்தத்தின் நெகட்டிவ் அத்தனையும், கவர் கவராக, மேலே இடம் எழுதி, நாள் எழுதி. ஸ்டூடியோக்காரன் எதைத் தொலைத்தாலும் நெகட்டிவைத் தொலைக்க மாட்டான். இருபது வருடம் கழித்து வந்து இன்னொரு காப்பி கேட்பார்கள்.

"ஒவ்வொன்றாகப் பாருங்கள்" என்றேன். "இன்று எனக்கு லீவ்."

பார்த்தார்கள்! நான் அவர்கள் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெவின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கவரைப் பிரித்தார். ஷீபா கவரில் இருக்கும் என் தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சும்மா நிற்கவில்லை. ஒரு ஆலாவின் அலகில் ஒட்டியிருந்த சேற்றை மறைத்ததையும், ஒரு தகைவிலானுக்குப் பின்னாலிருந்த கம்பியை எடுத்ததையும் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொன்னேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. டீ இரண்டு தடவை வந்தது. வெயில் ஜன்னலை விட்டு நகர நகர மேசையையும் நகர்த்திக்கொண்டே போனார்கள்.

கடைசியில் அந்த அம்மாள் நோட்டை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி எழுதினார். வசந்தத்தில் மாவட்டத்தின் முதல் பதிவு. கண்டவர்: அ. அந்தோணிராஜ். நிலை: நைந்தது, இடது பின்னிறக்கை கிழிந்தது. "இந்தக் கடைசி வரி உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்" என்றேன்.

7

போன வாரம் என் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி கண்ணில் பட்டது. பத்து வருடம் ஓடிவிட்டது. புது போட்டோ வேண்டும். கடைக்குப் போக எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஷீபாவிடம் இப்போது ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கிறது, அவள் பிறந்தநாளுக்கு ரெஜினா வாங்கிக் கொடுத்தது. சமையலறைச் சுவரில் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி என்னை நிற்க வைத்தாள்.

"சின் அப், டாடி. ரொம்ப இல்ல. சிரிக்காதீங்க, ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

எனக்கே போஸ் சொல்லிக் கொடுக்கிறாள். எடுத்தாள். கேமராவின் பின்புறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஸ்கார் பயங்கரமா தெரியுது. கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடவா? ரெண்டே நிமிஷம்."

"கை வெச்சுப் பாரு, தோலை உரிச்சிடுவேன்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைச் சீண்டத்தான் கேட்டிருக்கிறாள், கழுதை. பிறகு விளக்கை இடது பக்கம் நகர்த்தி வைத்து, "அப்படியே இருங்க" என்று இன்னொன்று எடுத்தாள். அதில் தழும்பு இன்னும் நன்றாக விழுந்திருந்தது. அதைத்தான் அனுப்பினோம்.